கைபேசிக்கு ஒரு மெய்ம்முகவரி

ஒருவருக்குக் கடிதம் எழுதவேண்டுமாயின் அவருடைய பெயரும், தெருவும், ஊரும் நாம் அறிந்திருத்தல் வேண்டும். இஃது அஞ்சல் ஏற்பட்ட நாள்தொட்டு எல்லாரும் உணர்ந்த செய்தி. இரவும் பகலும் நம் கையை விட்டுப் பிரியாத கைபேசிக்கும் அத்தகைய முகவரியொன்று வேண்டும் என்பதையும், அம்முகவரி நம்மிற் பலருக்கு இன்னும் தனியுரிமையாய் வாய்த்திலது என்பதையும் அன்பர்கள் பலர் எண்ணிப் பார்த்திரார். தமிழ் பயிலும் மாணவன் ஒருவன் இப்பொருள்பற்றி எழுதப் புகுவது சிலர்க்கு நகைப்பை விளைக்கலாம். பௌதிக வகுப்பினர் எழுதவேண்டியதை இலக்கண வகுப்பில் இருப்பவன் எழுதுவானேன் என்று என் தோழரே வினவினர். ஆகலின் எழுத நேர்ந்த காரணத்தை முதற்கண் கூறிவிடுகின்றேன்.

சென்ற ஆண்டு உபகாரச் சம்பளத்துக்கு விண்ணப்பிக்க வேண்டிய இறுதிநாள் மாலையில் எங்கள் விடுதியிற் பெருங்குழப்பம் விளைந்தது. என் அறைத்தோழர் தந்தையை இழந்தவர். தாயார் கூலிவேலை செய்து குடும்பம் நடத்துபவர். ஆண்டுதோறும் வரும் அச்சம்பளத்தைக் கொண்டே அவர் விடுதிக் கட்டணம் செலுத்தி வருகின்றார். வேண்டிய சான்றிதழ்களையெல்லாம் திரட்டிக்கொண்டு ஊரிலிருந்து அவர் வந்து சேர்ந்தபொழுது மாலை ஆறு மணி. விடுதியின் வைஃபை வழியே விண்ணப்பப் பக்கத்தைத் திறந்தார். அவரது முகவரியிலிருந்து அளவுக்கு மிஞ்சிய முயற்சிகள் செய்யப்பட்டுள்ளன என்றும், சிறிது நேரம் கழித்து வருக என்றும் ஓர் அறிவிப்புத் தோன்றியது. அவரோ அன்று அப்பக்கத்தை அதற்குமுன் ஒருமுறையேனும் திறந்தவரல்லர்! ஏழு மணிக்கும் அதே விடை. எட்டரைக்கும் அதே விடை. உணவுக்கும் செல்லாது அவர் அமர்ந்திருந்த நிலையைக் கண்டோர் இரங்கினர், இரக்கத்தால் ஆவதொன்றில்லை. பத்து மணியளவில் கீழ்த்தளத்து மாணவர் ஒருவர் வந்து, வைஃபையை நிறுத்திவிட்டுச் சிம் அட்டையின் வழியே முயலுமாறு கூறினார். மொட்டைமாடிக்கு ஏறி அவ்வாறே செய்ய, பக்கம் உடனே திறந்தது. பதினொன்று இருபதுக்கு விண்ணப்பம் சென்று சேர்ந்தது. நள்ளிரவோடு வாயில் அடைபட்டது.

தோழர் உறங்கிவிட்டார், எனக்கு உறக்கம் வரவில்லை. ஒரே கைபேசி, ஒரே மாணவர், ஒரே விண்ணப்பம். கீழே அடைபட்ட கதவு மாடியில் திறந்த காரணம் யாது? இவ்வினாவே என்னை இத்துறையிற் புகுத்தியது.

விடை எளிது. எங்கள் விடுதியில் இருநூறுக்கு மேற்பட்ட மாணவர் உளர். அவர் அனைவரும் வைஃபையிற் புகுந்தால் வெளியுலகத்தின் கண்ணுக்கு அவ்விருநூற்றுவரும் ஒருவரே. ஏனெனில் விடுதிக்குக் கிடைத்த இணைய முகவரி ஒன்றே. உள்ளே ஒவ்வொருவருக்கும் ஓர் எண் உண்டு, 192.168 என்றோ 10 என்றோ தொடங்கும். அவை அறை எண்களைப் போல்வன. ஏழாம் அறை என்று மட்டும் உறையின்மேல் எழுதிக் கடிதத்தை அஞ்சற்பெட்டியில் இட்டால் அஃது எவ்வூர்க்குச் செல்லும்? உலகெங்கும் விடுதிகள் உள. எல்லாவற்றிலும் ஏழாம் அறை உண்டு. ஆதலின் வாயிலில் ரௌட்டர் என்னும் கருவி எழுத்தரைப் போல அமர்ந்து, வெளிச்செல்லும் ஒவ்வொரு கடிதத்திலும் அறை எண்ணை அழித்து விடுதியின் முகவரியை எழுதி விடுக்கின்றது; மறுமொழி வந்தால் தன் குறிப்பேட்டைப் பார்த்து உரிய அறைக்கு அனுப்புகின்றது. இம்முறை 1994-ஆம் ஆண்டில் எழுத்தில் வெளியிடப்பட்டது. அறை எண்களாக வழங்கத்தக்க எண்கள் இன்னவை என 1996 பிப்ரவரியில் வரையறுத்தனர். முகவரிப் பஞ்சத்துக்குச் சில்லாண்டுகள் தாக்குப்பிடிக்கச் செய்த ஏற்பாடு அது. கூரை வேய்வதற்குமுன் கட்டிய கீற்றுப் பந்தலிலேயே முப்பதாண்டு குடியிருப்பாரைப் போல நாம் இன்னும் அதன்கீழ் வாழ்கின்றோம்.

இதில் இடர் யாதெனின், கூட்டத்தில் ஒருவர் செய்வது எல்லார் தலையிலும் விடியும். விடுதியில் நூறுபேர் ஒரே மாலையில் ஒரே பக்கத்தைத் தட்ட, அப்பக்கத்தைக் காக்கும் பொறி ஒருவரே நூறுமுறை தட்டுகின்றார் என்று கருதிக் கதவை அடைத்தது. பொறியைக் குறைகூறுதல் முறையன்று. அதன் கண்ணுக்குத் தெரிந்தது அவ்வளவே. விடுதிக்கு மட்டுமன்று, கைபேசி நிறுவனங்களுக்கும் இந்நிலை உண்டு. அவையும் பழைய முகவரியொன்றைப் பல வாடிக்கையாளர்க்குப் பங்கிட்டு அளிக்கின்றன. அத்தகைய பெருவாயிலுக்கென்றே 100.64 எனத் தொடங்கும் எண்வரிசையொன்று 2012 ஏப்ரலில் ஒதுக்கப்பட்டது. ஒரு முகவரிக்கு 65,536 துறைவாயில்கள் உண்டு. அவற்றையே பலரும் பகுத்துக்கொள்ளவேண்டும்.

பஞ்சம் வந்த வரலாறு சுவையுடையது. இணையத்தின் தந்தையருள் ஒருவரென மதிக்கப்படும் விண்ட் செர்ஃப் 1977-இல் முகவரிக்கு 32 பிட்டுகள் போதும் என முடிவு செய்தார். ஒரு சோதனைக்கு அது போதுமெனக் கருதியதாகவும், அச்சோதனை முடிவுறாமலே போயிற்றென்றும் பிற்காலத்தில் அவரே பலமுறை உரைத்துள்ளார். 1981 செப்டம்பரில் ஐ.பி. நான்காம் பதிப்பு வெளியாயிற்று. 1983 ஜனவரி முதல்நாள் அர்ப்பாநெட் என்னும் வலை அதற்கு மாறியது. 32 பிட்டுகளால் அமையும் முகவரிகளின் தொகை 429,49,67,296. அக்காலத்தில் அது கடலளவாகத் தோன்றியிருக்கும். இன்று உலகின் மக்கள்தொகையோ 800 கோடிக்கு மேல். ஆளுக்கொன்று என்று அளித்தாலும் பாதிப்பேர் வெறுங்கையராய் நிற்பர். ஒருவர்க்கே கைபேசியும், கணினியும், தொலைக்காட்சிப் பெட்டியும் இருக்கும் காலத்தில் கேட்கவேண்டுவதில்லை.

பற்றாக்குறையினும் கொடியது பகிர்வின் கோணல். பந்திக்கு முந்தியவர் இலையில் அண்டாவைக் கவிழ்த்தாற்போன்ற நிலை அது. அமெரிக்க நாட்டின் மாசச்சூசெட்ஸ் தொழில்நுட்பக் கழகம் ஒன்றே 1 கோடியே 67 இலட்சத்துக்கு மேற்பட்ட முகவரிகளைப் பெற்றிருந்தது. ஒரு கல்லூரிக்கு! அவற்றுட் பெரும்பகுதியைப் பயன்படுத்தவே இல்லை எனக் கண்டு, 2017-இல் ஏறத்தாழ 80 இலட்சத்தை விற்க முன்வந்தது. அக்கழகத்தார் பேராசையாற் செய்தார் என்று கூறுவதற்கில்லை. தொடக்ககாலத்தில் கேட்டவர்க்குக் கேட்டபடி அள்ளிக் கொடுத்தனர், அவ்வளவே. ஆயினும் விளைவை நோக்குக. 2011-இல் நார்ட்டெல் என்னும் நிறுவனம் நொடித்தபொழுது அதன் 6,66,624 முகவரிகளை மைக்ரோசாஃப்ட் 75 இலட்சம் டாலர் கொடுத்து வாங்கியது. 2024 பிப்ரவரி முதலாக அமேசான் தன் கணினி வாடகையில் பழைய முகவரி ஒவ்வொன்றுக்கும் மணிக்கணக்கில் தனிக்கட்டணம் வாங்குகின்றது. பொதுநிலமாயிருந்தது மனையாகிவிட்டது. 2011 பிப்ரவரி 3-ஆம் நாள் உலகப் பொதுக்களஞ்சியத்தில் எஞ்சியிருந்த கடைசி ஐந்து பெருந்தொகுதிகளும் ஐந்து கண்டப் பதிவகங்களுக்கும் பகிர்ந்தளிக்கப்பட்டுக் களஞ்சியம் வெறுமையாயிற்று. நம் ஆசியப் பகுதிக்குரிய பதிவகம் பிரிஸ்பேன் நகரில் உள்ளது. அது அவ்வாண்டு ஏப்ரல் 15-ஆம் நாளே தன் இறுதித் தொகுதிக்கு இறங்கிவிட்டது. ஐவருள்ளும் முதலில் வறியதானது அதுவே. மக்கள் மிக்க இடம் எதுவோ அதற்கே குறைபாடு முந்துற்றது என்பதை யான் தற்செயல் என்று கொள்ளேன்.

இப்பஞ்சத்தை அறிஞர் முன்னரே உணர்ந்தனர். 1990-க்குப் பின்னர் அடுத்த தலைமுறை ஐ.பி. என்ற பெயரால் ஆராய்ந்து, 1995 டிசம்பரில் புதிய பதிப்பின் இலக்கணத்தை வெளியிட்டனர். 1998-இல் திருத்தி, 2017 ஜூலையில் முழுநிலைத் தரமாக நிறுவினர். அதுவே ஐ.பி. ஆறாம் பதிப்பு. நான்குக்குப் பின் ஐந்து எங்கே என்று வகுப்பில் ஒருவர் கேட்டார். ஒலியையும் காட்சியையும் தடையின்றி அனுப்புதற்கென ஆய்ந்த வேறொரு முறைக்கு ஐந்தாம் எண்ணை முன்னரே கொடுத்துவிட்டமையால் அது தவிர்க்கப்பட்டது.

ஆறாம் பதிப்பில் முகவரியின் நீளம் 128 பிட்டுகள். அவற்றின் தொகையை எழுதினால் 39 இலக்கங்கள் வரும். அதனை வாயாற் சொல்ல நம் கோடியும் போதாது. எழுதும் முறையில் தமிழ் மாணவர்க்கு இன்பம் பயக்கும் நுட்பம் ஒன்றுண்டு. எட்டுப் பகுதிகளாகப் பிரித்து, இடையில் முக்காற்புள்ளியிட்டு எழுதுவர். ஒவ்வொரு பகுதியிலும் நான்கு குறிகள். பதினாறு அடிப்படையில் எண்ணுவதால், ஒன்பதுக்கு மேற்பட்ட ஆறு எண்களுக்கு ஆங்கில நெடுங்கணக்கின் முதல் ஆறு எழுத்துக்களைக் கடன் வாங்குவர். இவ்வாறு எழுதுங்கால் சுழியங்கள் நிரம்ப வரும். தொடர்ந்து வரும் சுழியப் பகுதிகளைத் தொகுத்து இரட்டை முக்காற்புள்ளி மட்டும் இடலாம் என்பது விதி. கருவி தன்னையே குறிக்கும் முகவரி 0:0:0:0:0:0:0:1 என்பது. அதனைச் சுருக்கி ::1 என எழுதுவர். வேற்றுமைத் தொகையில் உருபு மறைந்து நிற்பினும் கற்றோர் விரித்துணர்வது போலவே, மறைந்த சுழியங்களைக் கருவி விரித்துணர்கின்றது. ஆனால் ஒரு முகவரியில் இச்சுருக்கம் ஒருமுறைதான் வரலாம். இருமுறை வந்தால் எங்கே எத்தனை தொக்கன என்னும் ஐயம் பிறக்கும். பொருள் மயங்காத அளவுக்கே தொகுத்தல் செல்லும் என்று இங்கும் வரம்பு கட்டியிருப்பதைக் கண்டு யான் வியந்தேன்.

கைபேசி வலையில் ஒவ்வொரு கைபேசிக்கும் முகவரியின் முற்பாதியாகிய 64 பிட்டுகளை நிறுவனம் வழங்குகின்றது. பிற்பாதியைக் கைபேசி தானே அமைத்துக்கொள்கின்றது. பிற்பாதியில் அமையக்கூடிய முகவரிகள் எத்தனை? பழைய இணையம் முழுவதன் முகவரித் தொகையை அத்தொகையாலேயே பெருக்கினால் வருவது எத்துணையோ அத்துணை. உலகம் முழுவதும் அடித்துக்கொண்ட சொத்தினும் பன்மடங்கு பெரிது ஒரு மாணவரின் சட்டைப்பையில் கிடக்கின்றது என்றால் மிகையன்று. அன்றிரவு மாடியில் தோழர் பெற்றது இத்தகைய முகவரியே. விண்ணப்பப் பக்கத்துக்கும் புதிய முகவரி இருந்தமையால், இருவரும் இடையில் எழுத்தர் எவருமின்றி நேரே பேசினர். அப்பக்கம் பழைய முகவரி மட்டும் உடையதாயிருப்பின் அவர் மீண்டும் நிறுவனத்தின் பெருவாயிற் கூட்டத்திலேயே நின்றிருப்பார். கதவு திறந்திருக்குமோ, யாரறிவார்.

இனி, இதனைக் கைபேசியில் அமைத்துக்கொள்ளும் வகையைக் கூறுவேன்.

முதலில் இருப்பதை அறிதல் வேண்டும். ஆண்ட்ராய்டு கைபேசியாயின் வைஃபையை நிறுத்திச் சிம் வழி இணையத்தைத் திறந்துகொண்டு, செட்டிங்ஸ் பகுதியின் அடியில் உள்ள அபவுட் போன் என்பதைத் தொட்டு ஐ.பி. முகவரி என்ற இடத்தை நோக்குக. முக்காற்புள்ளிகள் நிறைந்து, 2 என்னும் எண்ணில் தொடங்கும் நீண்ட வரியொன்று காணப்படின் புதிய முகவரி வந்துவிட்டது, செய்யவேண்டுவது ஒன்றுமில்லை. எஃப்-ஈ-8-0 எனத் தொடங்கும் வரி மட்டும் இருப்பின் மயங்கற்க. அது வீட்டுக்குள் வழங்கும் செல்லப்பெயர் போன்றது, வாயிலைக் கடவாது. புள்ளியிட்ட பழைய எண் மட்டும் இருப்பின் மேலே சொல்லும் வழியைப் பின்பற்றலாம்.

செட்டிங்ஸில் நெட்வொர்க் பகுதிக்குச் சென்று, சிம்மைத் தேர்ந்து, அக்சஸ் பாயிண்ட் நேம்ஸ் என்பதைத் திறக்கவேண்டும். சுருக்கமாக ஏ.பி.என். என்பர். கைபேசி எந்த வாயில் வழியே இணையத்துள் நுழைகின்றது என்பதை உரைக்கும் குறிப்பு அது. அதனுள் கீழிறங்கிச் சென்றால் ஏ.பி.என். புரோட்டோகால் என்றொரு வரி உண்டு. அங்கே மூன்று தேர்வுகள்: நான்காம் பதிப்பு, ஆறாம் பதிப்பு, இரண்டும். மூன்றாவதாகிய இரண்டும் என்பதையே தேர்க. அதனை அடுத்து ரோமிங் புரோட்டோகால் என்ற வரியிலும் அவ்வாறே செய்க. பின்னர் மேல்மூலையில் உள்ள மூன்று புள்ளிகளைத் தொட்டுச் சேமித்து, வானூர்தி நிலையை ஒருமுறை இட்டு எடுத்தால் புதிய முகவரி வந்து சேரும். சில கைபேசிகளில் இக்குறிப்பைத் திருத்தவொட்டாமல் பூட்டியிருப்பர். அப்பொழுது அதிலுள்ளவற்றைப் பார்த்து எழுதிப் புதிய குறிப்பொன்றை உண்டாக்கித் தேர்ந்துகொள்ளலாம்.

இதில் யான் பட்ட பாட்டையும் மறைக்கமாட்டேன். புதுமை மேலிட்ட ஆர்வத்தால் முதல்நாள் இரண்டும் என்பதை விடுத்து ஆறாம் பதிப்பை மட்டும் தேர்ந்தேன். என் பழைய சிம்மின் நிறுவனம் அதற்கு இடந்தராமையால் கைபேசி ஊமையாயிற்று. பதறிப்போய் இன்னும் சிலவற்றை மாற்ற, நிலைமை கெட்டது. ஏ.பி.என். பகுதியிலேயே தொடக்கநிலைக்கு மீட்கும் வழி இருக்கின்றது என்பதை மறுநாள் காலையில்தான் கண்டேன். அதற்குள் வீட்டிலிருந்து அம்மா ஆறுமுறை வாட்ஸ்அப்பில் அழைத்துவிட்டார். ஆகவே மாற்றுவதற்குமுன் இருக்கும் பக்கத்தைப் படம் பிடித்து வைத்துக்கொள்ளுமாறு அன்பர்களை வேண்டுகின்றேன். நிறுவனம் தன் வலையிற் புதிய முகவரியை வழங்காதாயின், கைபேசியில் எதைத் திருப்பினும் அது வாராது என்பதையும் உணர்தல் வேண்டும்.

எங்கள் வகுப்பில் மூவருடைய கைபேசிகளில் இத்தேர்வு நான்காம் பதிப்பு மட்டும் என்று மாறிக்கிடந்தது. வினவியபொழுது, வேகம் மிகும் என்று ஏதோ ஒரு காணொளி கூறக்கேட்டு அவ்வாறு மாற்றியதாக மூவரும் உரைத்தனர். இத்தகைய காணொளி வைத்தியங்களை யான் வெறுக்கின்றேன். புதிய முகவரியால் வேகம் பறக்கும் என்று யானும் கூறேன். கைபேசி இரு வழிகளையும் ஏறத்தாழ ஒருங்கே முயன்று, புதியதற்குச் சிறிது முன்னுரிமை அளித்து, எது திறக்கின்றதோ அதன்வழிச் செல்கின்றது. இம்முறைக்கு அதனை வகுத்தோர் இட்ட பெயர் மகிழ்ந்த கண்விழிகள் எனப் பொருள்படும் ஹாப்பி ஐபால்ஸ். பெயரிடுவதில் நம் இலக்கணிகளே தேவலை.

ஐபோன் வைத்திருப்போர்க்கு இத்தேர்வு கைக்கு எட்டாது. நிறுவனம் அனுப்பும் அமைப்புக் கோப்பே அதனை முடிவு செய்யும். வைஃபைப் பெயருக்கு அருகிலுள்ள சிறு வட்டத்தைத் தொட்டால் அங்கே புதிய முகவரி இருக்கின்றதா என்று மட்டும் காணலாம். ஆயினும் அந்நிறுவனம் செய்த நற்செயல் ஒன்றுண்டு. 2016 ஜூன் முதலாகத் தன் கடையில் விற்கப்படும் செயலிகள் யாவும் ஆறாம் பதிப்பு மட்டும் உள்ள வலையிலும் இயங்கவேண்டும் என்று கட்டளையிட்டது. செயலி எழுதுவோர் முணுமுணுத்துக்கொண்டே திருந்தினர்.

பழையதும் புதியதும் தம்முள் நேரே பேசமாட்டா. ஒரு மொழியறிந்தார்க்கு மற்றொன்று தெரியாது. அதனாற் சில நிறுவனங்கள் தம் வலையில் ஆறாம் பதிப்பை மட்டும் வைத்து, பழைய இடங்களுக்குச் செல்வோர்க்காக இடையில் துபாஷி ஒருவரை அமர்த்தியுள்ளன. கைபேசிக்குள்ளும் ஒரு சிறு துபாஷி உண்டு. ஆண்ட்ராய்டில் 2013-இல் வந்த 4.3 பதிப்பு முதலாக அவர் பணிபுரிகின்றார். ஐ.பி. முகவரிப் பகுதியில் 192.0.0.4 என்ற எண்ணைக் கண்டால் அவர் உள்ளே இருக்கின்றார் என்று அறிக. துபாஷிகள் காலத்தைச் சென்னையும் புதுச்சேரியும் நன்கறியும். அவரின்றி வாணிகம் நடவாது; ஆனால் அவரையே நம்பி எவரும் மொழி கற்காதிருந்தால் என்றும் அவர் தயவிலேயே நிற்கவேண்டும்.

மாற்றுரைப்போர் கூறுவதையும் கேட்போம். ஒரே முகவரியின் பின்னே மறைந்திருப்பது பாதுகாப்பன்றோ, தனிமுகவரி பெற்றவுடன் கள்வர் நேரே வந்து தட்டமாட்டாரோ என்பர். அறை எண்ணை மாற்றி எழுதும் எழுத்தர் வேறு, கதவைக் காக்கும் காவலர் வேறு. ஃபயர்வால் எனப்படும் காவலரைப் புதிய முகவரிக்கும் நிறுத்தலாம். கேளாது வருவோரைத் தடுக்கும் காவல் வீட்டு ரௌட்டர்களிற் பெரும்பாலானவற்றில் தொடக்கத்திலேயே உண்டு. அது திறந்து கிடக்கின்றதா என்று ஒருமுறை பார்த்துக்கொள்ளுதல் நலம்.

மற்றொரு தடை வலியது. அதனை யான் எளிதில் தள்ளமாட்டேன். தொடக்கத்தில் வகுத்த முறைப்படி, கருவியின் பிறவியெண்ணே முகவரியின் பிற்பாதியில் எழுதப்பட்டது. ஒருவர் வீட்டில் இருந்தாலும், கல்லூரிக்கு வந்தாலும், வேற்றூர் சென்றாலும் பிற்பாதி மாறாது. பின்தொடர்வார்க்கு அது நெற்றியில் இட்ட பச்சையாகும். இப்பிழை உணரப்பட்டு, பிற்பாதியை அவ்வப்போது தற்செயலாக மாற்றும் முறை 2001 ஜனவரியில் வெளியிடப்பட்டது. இக்காலத்துக் கைபேசிகள் அதனையே கைக்கொள்கின்றன. முற்பாதி நாம் எந்த வலையில் உள்ளோம் என்பதைக் காட்டத்தான் செய்யும். ஆனால் கூட்டத்தில் மறைந்திருத்தல் நல்லதென்போர் ஒன்றை மறக்கின்றனர். கூட்டத்தில் ஒருவர் குற்றம் செய்தால் ஐயம் எல்லார்மேலும் செல்லும். 2017 அக்டோபரில் ஐரோப்பியக் காவல் அமைப்பாகிய யூரோபோல் இதனையே முறையிட்டது; ஒரு முகவரியைப் பலருக்குப் பங்கிடுவதால் குற்றவாளியைத் தேடுங்கால் தொடர்பற்ற பலரும் விசாரணைக்கு உள்ளாகின்றனர் என்பது அதன் கூற்று. காவலர் வசதிக்காக நாம் முகவரி கேட்கவில்லை. பிறர் செயலுக்கு நாம் விடைகூற நேராதிருக்கவே கேட்கின்றோம். என் தோழர் அன்று செய்யாத குற்றத்துக்கு நான்கு மணிநேரம் தண்டனை பெற்றார்.

நம் நாடு இத்துறையிற் பின்தங்கியதன்று என்பதைப் பெருமையுடன் சொல்லலாம். மத்திய அரசின் தொலைத்தொடர்புத் துறை 2010 ஜூலையிலேயே ஆறாம் பதிப்புக்கு மாறும் தேசியத் திட்டத்தை வெளியிட்டது. 2013-இல் அதன் இரண்டாம் பதிப்பும் வந்தது. காகிதத்தில் இருந்ததைக் கைக்குக் கொணர்ந்தது பெரும்பாலும் 2016 செப்டம்பரில் வணிக முறையிற் சேவை தொடங்கிய ரிலையன்ஸ் ஜியோவின் 4ஜி வலை. பழைய முகவரிச் சேமிப்பு இல்லாத புதிய நிறுவனம் புதியதையே மேற்கொண்டது, பிறரும் தொடர்ந்தனர். இன்று இந்தியப் பயனர்களுட் பாதிக்கு மேற்பட்டோர் புதிய முகவரியோடு இணையத்தில் உலவுகின்றனர். உலக நாடுகளின் வரிசையில் நமக்கு முன்னணி இடம். இப்பெருமை முழுவதும் சிம் அட்டையின் வழியே வந்தது. கல்விக்கூடங்களின் கம்பிவழி இணைப்பையும் வைஃபையையும் நோக்கினால் தலைகுனிய வேண்டியிருக்கின்றது. அறிவை வளர்க்கும் இடத்தில் ஒரு முகவரிக்கு இருநூறுபேர். அதே மாணவர் வாயிலைக் கடந்து சாலைக்கு வந்தால் ஒருவருக்கே எண்ணிறந்தன.

கல்லூரி வலையைப் பேணுவோர் பக்கமும் நியாயம் உண்டு. எந்த முகவரியை எந்த மாணவர் எப்போது வைத்திருந்தார் என்று எழுதிவைக்கும் கடமை அவர்க்கு உளது. முகவரியைத் தாமே வழங்கினால் கணக்கு எளிது. கைபேசி தானே பிற்பாதியை அமைத்துக்கொண்டால் கணக்கு வைப்பதெப்படி என்பர். தாமே வழங்கும் அம்முறையை மட்டும் வைத்த இடங்களில் ஆண்ட்ராய்டு கைபேசிகள் பல்லாண்டுகளாகப் புதிய முகவரி பெறாமலே நின்றன. அம்முறையால் முகவரி பெற அவை மறுத்தமையே காரணம். இப்பூசலில் இருதிறத்தாரும் பிடிவாதம் காட்டினர் என்பதே என் கருத்து. ஆனால் எங்கள் விடுதியில் வைஃபையிற் புகும்போதே ஒவ்வொருவரும் தத்தம் பெயரும் கடவுச்சொல்லும் தருகின்றோம். யார் புகுந்தார், அவர் கருவி எம்முகவரிகளை வைத்திருக்கின்றது என்பதை ரௌட்டரின் பட்டியலைக் கொண்டு இணைத்து எழுதிவைத்தல் இயலாததன்று. அதற்குச் சிறிது உழைப்பு வேண்டும். அவ்வுழைப்பு எங்கள் பொருட்டுச் செய்யப்படத் தக்கது என்று பணிவுடன் கருதுகின்றேன்.

விடுதியில் உள்ள ரௌட்டர் ஆறாம் பதிப்பை அறிந்ததே. அதன் கையேட்டைப் பார்த்து உறுதி செய்தோம். அதில் அப்பகுதி நிறுத்தி வைக்கப்பட்டிருக்கின்றது. இணைப்பளிக்கும் நிறுவனத்திடம் முகவரித் தொகுதி கேட்டு ஒரு கடிதம் செல்லவேண்டும், காவலரை அமைக்கவேண்டும், பின்னர்த் திறக்கவேண்டும். இவற்றை எழுதி, விடுமுறையில் ஒரு தளத்திலேனும் சோதித்துப் பார்க்குமாறு காப்பாளர் ஐயா அவர்களிடம் விண்ணப்பம் அளித்துள்ளோம். நாற்பத்தொருவர் கையொப்பமிட்டனர், முதற் கையொப்பம் என் அறைத்தோழருடையது. ஐயா அவர்கள் முழுதும் படித்துவிட்டு, கணினித் துறையாரிடம் கலந்து சொல்வதாகக் கூறியிருக்கின்றார்கள். இவ்வாண்டு உபகாரச் சம்பளத்துக்குரிய இறுதிநாள் வருவதற்கு இன்னும் ஏழு வாரங்கள் உள்ளன.